கடைசிப் பக்கமும் வெண்திரையும்: குவாஜா அஹ்மத் அப்பாஸின் எழுத்துப் பணி

முன்னுரை

நம் துறையில் இதழியல் பாடம் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடமிருந்து தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. நாளிதழுக்கு எழுதுகிறவர் இலக்கியம் படைக்க இயலுமா? திரைப்படத்துக்கு எழுதுகிறவர் உண்மையைச் சொல்ல இயலுமா? இவ்வினாவை மாணவர்கள் வகுப்பறையில் கேட்கிறார்கள். அவர்தம் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் வாயிற்படியில் நின்று நம்மிடம் கேட்பது வேறொன்று. "பத்திரிகை, சினிமா என்று போனால் பிள்ளை உருப்படுவானா, சார்?" என்பது அவர்கள் கவலை. வாப்பாவுக்குத் தெரியாமல் திரைப்படம் பார்த்துவிட்டு, வீட்டின் பின்வாசல் வழியே நுழைந்த தலைமுறையைச் சேர்ந்த நமக்கு அக்கவலை புதிதன்று.

இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்வது பயன் தரும் எனக் கருதுகிறோம். அவர் குவாஜா அஹ்மத் அப்பாஸ் (1914-1987). அரை நூற்றாண்டுக் காலம் பத்திரிகையாளராக வாழ்ந்தவர். இந்தித் திரையுலகின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளில் அதன் தலைசிறந்த கதைகள் சிலவற்றை எழுதியவர். பத்திரிகையாளர் ஒருவர் திரைக்கதை ஆசிரியரானபோது எதைக் கொண்டுசென்றார், எதைப் பெற்றார், எதை இழந்தார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலியின் மரபு

அப்பாஸ் 1914ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பானிபட்டில் பிறந்தார். உருதுக் கவிஞர் அல்தாப் ஹுசைன் ஹாலியின் கொள்ளுப்பேரர் அவர். ஹாலி, மிர்சா காலிபின் மாணவர்; காலிபின் வாழ்க்கையை நூலாக எழுதியவர். அணி அலங்காரங்களிலும் காதல் புலம்பலிலும் தேங்கி நின்ற உருதுக் கவிதையைச் சமுதாயச் சிந்தனையின் பக்கம் திருப்பியவர் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரைப் போற்றுவர். 1879இல் வெளிவந்த அவருடைய 'முசத்தஸ்' என்னும் நெடும்பாடல் இந்திய முஸ்லிம்களைத் தன்னாய்வு செய்துகொள்ளத் தூண்டிய படைப்பாகும்.

எழுத்து அழகுக்காக மட்டுமன்று, ஒரு பயன் கருதியே எழுதப்பட வேண்டும் என்னும் கொள்கை அக்குடும்பத்தின் சொத்தாக இருந்தது. வீடும் நிலமும் பங்கிடப்படும்போது குறைந்துபோகும். இத்தகைய சொத்து குறைவதில்லை. பானிபட்டில் ஹாலியின் பெயர் தாங்கிய பள்ளியில் பயின்ற அப்பாஸ், பின்னர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1933இல் ஆங்கில இலக்கியத்தில் பட்டமும், 1935இல் சட்டப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே 'அலிகர் ஒப்பீனியன்' என்னும் மாணவர் இதழைத் தொடங்கினார். சட்டம் படித்தவர் வழக்கறிஞராகவில்லை. அதே 1935இல் பம்பாய்க்குச் சென்று செய்தியாளரானார்.

செய்தியாளர் அப்பாஸ்

அவர் சேர்ந்த இதழ் 'பாம்பே குரோனிக்கல்'. தேசிய இயக்கத்துக்குக் குரல் கொடுத்த ஆங்கில நாளேடு அது. சையத் அப்துல்லா பிரெல்வி அதன் ஆசிரியராக விளங்கினார். 1947 வரை அப்பாஸ் அங்குப் பணியாற்றினார். நிருபராகத் தொடங்கியவர், பின்னர்த் திரைப்படப் பகுதிக்கும் பொறுப்பேற்றார். 1938இல் உலகப் பயணம் மேற்கொண்டு, தாம் கண்டவற்றை மறு ஆண்டே நூலாக்கினார்.

அவ்விதழில் அவர் எழுதிய 'லாஸ்ட் பேஜ்', அதாவது 'கடைசிப் பக்கம்' என்னும் பத்தி, இந்திய இதழியல் வரலாற்றில் நெடுங்காலம் தொடர்ந்த பத்திகளுள் ஒன்று. குரோனிக்கலை விட்டபின் ஆர். கே. கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' வார இதழில் அது தொடர்ந்தது. அவர் 1987இல் மறையும் வரை அப்பத்தி நிற்கவில்லை. உருதுப் பதிப்பில் அது 'ஆசாத் கலம்' எனப்பட்டது. 'விடுதலை பெற்ற எழுதுகோல்' என்பது பொருள்.

ஆங்கிலம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார். அவருடைய சிறுகதைகளையும் நாவல்களையும் வெறும் பத்திரிகை எழுத்து என்று திறனாய்வாளர் சிலர் ஒதுக்கியதுண்டு. அப்பாஸ் அதனை இழிவாகக் கொள்ளவில்லை. தாம் முதலில் பத்திரிகையாளர், மற்றவை யாவும் அதன் கிளைகள் என்றே அவர் கருதி வந்தார்.

காந்தியடிகளுக்கு எழுதிய மடல்

1939ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். காந்தியடிகள் தம் கூற்றுகளில் சூதாட்டம், குதிரைப் பந்தயம் முதலிய தீமைகளின் வரிசையில் திரைப்படத்தையும் சேர்த்திருந்தார். அதனைக் கண்டு வருந்திய இருபத்தைந்து வயது அப்பாஸ், அவ்வாண்டு அக்டோபர் மாதத்து 'பிலிம் இந்தியா' இதழில் அடிகளுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார்.

அம்மடலின் நயம் மாணவர்கள் கற்றுக்கொள்ளத் தக்கது. தம் தந்தையாரும் திரைப்படம் பார்ப்பதில்லை, அதனை மேனாட்டிலிருந்து வந்த தீமை என்றே எண்ணுகிறார் என்பதை அப்பாஸ் மறைக்காமல் எழுதினார். தந்தையின் கருத்தை மதிப்பதாகவும், ஆயினும் அதனை ஏற்க இயலவில்லை என்றும் கூறினார். ஆனால் காந்தியடிகளின் சொல் ஒரு குடும்பத்தோடு நிற்பதன்று. கோடிக்கணக்கானோர் அதனை வேதவாக்காகக் கொள்வர். ஆகவே அவர் இக்கருவியை முற்றும் வெறுத்து ஒதுக்காமல், நல்வழியில் செலுத்தப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்பதே அப்பாஸின் வேண்டுகோள். படங்களில் குப்பை மிகுதி என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது எளிது. அடங்கிப் போவது அதனினும் எளிது. மதிப்புக் குறையாமல் மாறுபடுவதுதான் அரிது. அவ்வரிய செயலை அப்பாஸ் செய்தார். தாம் வாதாடிய கருத்தைத் தாமே செய்து காட்ட வேண்டிய பொறுப்பையும் அம்மடலின் வழியே அவர் ஏற்றுக்கொண்டார் எனலாம்.

முதல் திரைக்கதை

அப்பொறுப்பை நிறைவேற்ற அவருக்கு நெடுநாள் ஆகவில்லை. பாம்பே டாக்கீஸ் நிறுவனத்துக்கு விளம்பரப் பணி செய்துவந்த அப்பாஸ், அந்நிறுவனத்துக்கே தம் முதல் திரைக்கதையை விற்றார். 1941இல் 'நயா சன்சார்' என்னும் பெயரில் அது வெளிவந்தது. 'புதிய உலகம்' என்பது பொருள். அசோக்குமார் அதில் நடித்தார். கதை எதைப் பற்றியது? பத்திரிகைத் தொழிலைப் பற்றியது. கொள்கையை விட்டுக்கொடுக்க மறுக்கும் இளம் செய்தியாளர் ஒருவரைப் பற்றியது. முதன்முதலாகத் திரைக்கு எழுத வந்தவர் தம் தொழிலையே கருப்பொருளாக்கினார். பின்னர் 1951இல் சொந்தப் படநிறுவனம் தொடங்கியபோதும் அதே பெயரையே அதற்குச் சூட்டினார்.

1946: மூன்று படங்கள்

அப்பாஸின் வாழ்வில் 1946ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. அவ்வாண்டில் அவர் எழுத்தோடு தொடர்புடைய மூன்று படங்கள் வெளிவந்தன. மூன்றுக்கும் அடிப்படை செய்தியாளரின் பார்வையே.

முதலாவது 'தர்த்தி கே லால்'. 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பெரும் பஞ்சத்தைப் பற்றியது. அதே 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடகக் கழகத்தின் நிறுவன உறுப்பினர்களுள் அப்பாஸும் ஒருவர். பிஜோன் பட்டாச்சார்யாவின் நாடகங்களையும் கிருஷன் சந்தரின் கதையையும் தழுவி, அக்கழகத்தின் சார்பில் அவரே அப்படத்தை இயக்கினார். பல்ராஜ் சாஹ்னி, சம்பு மித்ரா, திருப்தி மித்ரா ஆகியோர் நடித்தனர். நிலத்தை இழந்து நகரத்தின் நடைபாதைக்கு வந்து சேரும் உழவர் குடும்பத்தின் கதை அது. பஞ்சம் முடிந்து மூன்றாண்டுகளுக்குள், அதன் நினைவு ஆறும் முன்னரே, அது திரைக்கு வந்தது.

இரண்டாவது சேத்தன் ஆனந்த் இயக்கிய 'நீச்சா நகர்'. திரைக்கதையில் அப்பாஸுக்குப் பங்குண்டு. மேட்டில் வாழும் செல்வர் ஒருவர் தம் நலனுக்காகச் சாக்கடையைப் பள்ளத்தில் வாழும் ஏழைகளின் குடியிருப்புக்குத் திருப்பிவிடுகிறார், நோய் பரவுகிறது, மக்கள் ஒன்றுபடுகின்றனர். பிரான்சு நாட்டின் கான் நகரில் 1946இல் நடைபெற்ற முதல் திரைப்பட விழாவில் உயர் பரிசு பெற்ற படங்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது சாந்தாராமின் 'டாக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி'. சீனர்கள் ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்றபோது, 1938இல் இந்தியாவிலிருந்து மருத்துவர் ஐவர் அங்குச் சென்றனர். அவர்களுள் துவாரகாநாத் கோட்னிஸ் என்னும் இளைஞர் 1942இல் அங்கேயே உயிர்நீத்தார். அவரைப் பற்றி அப்பாஸ் எழுதிய நூலே படத்துக்கு மூலம்.

பஞ்சம், சாக்கடை, போர்க்களத்து மருத்துவர் ஆகிய மூன்றும் நாளிதழில் ஒருநாள் இடம்பெற்று மறுநாள் மறைந்துவிடக்கூடிய செய்திகள். அவற்றை மறையாமல் நிறுத்துவதற்கே அப்பாஸ் திரையை நாடினார் என்பது நம் துணிபு.

'ஆவாரா': ஒரு வினாவின் கதை

உலகறிந்த படைப்பு 'ஆவாரா' (1951). அப்பாஸ் வி. பி. சாத்தேயுடன் இணைந்து எழுதிய கதை. முதலில் இயக்குநர் மெஹ்பூப்கானிடம் இக்கதை சென்றது என்பதும், தந்தை மகன் பாத்திரங்களுக்கு மெய்யான தந்தையும் மகனுமாகிய பிருதிவிராஜ் கபூரும் ராஜ் கபூருமே வேண்டும் என்பதில் அப்பாஸ் உறுதியாக நின்றதால் அது ராஜ் கபூரிடம் வந்தது என்பதும் திரையுலகம் அறிந்த செய்தி.

நல்லவர் மகன் நல்லவன், திருடன் மகன் திருடன் என்று நம்பும் நீதிபதி ரகுநாத். அந்நம்பிக்கையால் தண்டிக்கப்பட்டு, உண்மையிலேயே கொள்ளையனாகிவிடும் ஜக்கா. நீதிபதியின் மனைவியை ஜக்கா கடத்திச் சென்று விடுவிக்கிறான். அவள் கருவுற்றிருப்பதை அறிந்த நீதிபதி, ஐயங்கொண்டு அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். தெருவில் பிறந்த நீதிபதியின் மகனையே திருடனாக வளர்த்துப் பழி தீர்க்கிறான் ஜக்கா. இறுதியில் தந்தையைக் கொல்ல முயன்றதாக மகன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். அவனைக் காதலிக்கும் வழக்கறிஞர் ரீட்டா அவனுக்காக வாதாடுகிறாள்.

ஒருவரை உருவாக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினாவே இக்கதையின் உயிர். குலத்தையும் பிறப்பையும் வைத்து மனிதரை அளக்கும் வழக்கத்தை, நீதிமன்றத்தின் நடுவே நிறுத்தி விசாரிக்கிறது கதை. அச்சில் வந்தால் சில ஆயிரவர் படிக்கக்கூடிய கட்டுரைப் பொருள் இது. பாட்டும் காதலும் கனவுக்காட்சியும் கலந்து வந்தபோது இந்தியா முழுவதும் கண்டது. 1954இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டபோது கோடிக்கணக்கானோர் கண்டனர்.

அடுத்து வந்த 'ஸ்ரீ 420' (1955) படத்தின் தலைப்பே மோசடியைக் குறிக்கும் தண்டனைச் சட்டப் பிரிவு. வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் பட்டதாரி, நேர்மைக்காகத் தான் பெற்ற பதக்கத்தை அடகு வைக்கிறான். நூறு ரூபாய்க்கு வீடு என்று ஏழைகளிடம் பணம் திரட்டும் செல்வனின் மோசடிக்கும் துணைபோகிறான். அவனை நல்வழிக்கு அழைக்கும் ஆசிரியையின் பெயர் வித்யா. ஆடம்பரத்துக்கு இழுப்பவளின் பெயர் மாயா. பாமரரும் உணரும்படி அறிவையும் மயக்கத்தையும் பெயர்களிலேயே அப்பாஸ் வைத்துவிட்டார்.

இருவேறு கணக்குகள்

இனி இழப்பைக் காண்போம். ராஜ் கபூருக்காக அப்பாஸ் எழுதிய கதைகள் பொருளையும் புகழையும் குவித்தன. அதே எழுதுகோலால் தம் நிறுவனத்துக்காக எழுதி இயக்கியபோது, விருதுகள் வந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. 'முன்னா' (1954) பாடல்களே இல்லாத படம். பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான முயற்சி. 'ஷெஹர் அவுர் சப்னா' (1963), குடியிருக்க இடமின்றிப் பெரிய குழாய் ஒன்றினுள் வாழ்க்கை தொடங்கும் ஏழைத் தம்பதியரைப் பற்றியது. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

'சாத் ஹிந்துஸ்தானி' (1969) கோவா விடுதலைப் போராட்டத்தில் ஈடுபடும் ஏழு இந்தியரின் கதை. கேரளத்து நடிகர் மதுவை வங்காளியாகவும், வங்கத்து உத்பல் தத்தைப் பஞ்சாபியாகவும் அப்பாஸ் நடிக்கச் செய்தார். இந்தியருள் எவரும் எவராகவும் ஆகலாம் என்பது அதன் கருத்து. அமிதாப் பச்சன் நடிகராக அறிமுகமான படமும் அதுவே. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது அதற்கு வழங்கப்பட்டது.

மறுபுறம், ராஜ் கபூரின் கனவுப் படமான 'மேரா நாம் ஜோக்கர்' (1970) வணிகத்தில் வீழ்ந்தது. அதன்பின் எடுக்கப்பட்ட 'பாபி' (1973) என்னும் இளங்காதலர் கதையையும் சாத்தேயுடன் சேர்ந்து எழுதியவர் அறுபதை நெருங்கிய அப்பாஸ்தான். அது பெருவெற்றி பெற்றது.

இதனை முரண்பாடு என்று சிலர் கூறுவர். ஏழைகளுக்காக எழுதியவர் பணக்காரப் படங்களுக்கும் ஏன் எழுத வேண்டும்? நாமும் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. பாட்டும் காதலும் துணைவந்தபோது அவர் கருத்து கோடிப் பேரை அடைந்தது. ஆனால் சற்று நீர்த்தும் போனது. துணையின்றி அவர் தனித்து நின்றபோது கருத்து கூர்மையாக இருந்தது. ஆனால் சிலரையே அடைந்தது. சில இடங்களில் படத்தை விடச் சொற்பொழிவே மேலோங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மக்களுக்கு எழுத விரும்பும் எவரும் இவ்விரு கணக்குகளையும் நேர் செய்தாக வேண்டும். அப்பாஸ் வாழ்நாள் முழுவதும் இரண்டையும் சுமந்தார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

நான்கு நகரங்களும் ஒரு வழக்கும்

அப்பாஸின் பத்திரிகையாளர் உள்ளம் முழுமையாக வெளிப்பட்ட இடம் நீதிமன்றம். 1968இல் 'சார் ஷெஹர் ஏக் கஹானி' என்னும் பதினாறு நிமிடக் குறும்படத்தை அவர் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், டில்லி ஆகியவற்றோடு நம் சென்னையையும் சேர்த்து, நான்கு பெருநகரங்களில் செல்வர் வாழ்வையும் ஏழையர் வாழ்வையும் அருகருகே வைத்துக் காட்டிய படம் அது. பம்பாயில் வறுமையால் உடலை விற்க நேர்ந்த பெண்களின் நிலையைக் காட்டும் சில காட்சிகள் அதில் இருந்தன. தணிக்கையாளர், வயது வந்தோருக்கு மட்டும் என்னும் சான்றே தர முன்வந்தனர். பின்னர், அக்காட்சிகளை நீக்கினால் அனைவருக்குமான சான்று தரலாம் என்றனர்.

அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, வெட்டு எதுவுமின்றிச் சான்று தர அரசு இணங்கியது. தம் படம் தப்பியது போதும் என்று அவர் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. முன்தணிக்கை என்பதே கருத்துரிமைக்கு ஏற்றதா என்னும் பெருவினாவை எழுப்பினார். 1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கியது. திரைப்படத்துக்கு முன்தணிக்கை செல்லும் என்றே ஆயம் கூறிற்று. அந்த அளவில் அப்பாஸ் தோற்றார். ஆயினும் தணிக்கைக்குக் கால வரையறை வேண்டும், மேல்முறையீடு அரசிடமே நில்லாமல் தனி மன்றம் ஒன்றிடம் செல்ல வேண்டும் என்னும் கருத்துகள் அவ்வழக்கில் வலுப்பெற்றன. அத்தகைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1983இல் அமைந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டது. தணிக்கை பற்றிய வாதங்களில் அப்பாஸ் வழக்கு மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப் பெறுகிறது. சட்டம் படித்தும் வழக்கறிஞராகாத அவர், சட்ட மாணவர்கள் பயிலும் ஒரு வழக்கின் பெயரானார்.

முடிவுரை

1947இல் நாடு பிரிந்தபோது பானிபட்டிலிருந்த அவர் குடும்பத்தார் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அப்பாஸ் எல்லை கடக்கவில்லை. பம்பாயிலேயே தங்கி எழுதினார். 1987 ஜூன் முதல் நாள் அந்நகரிலேயே மறைந்தார். அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, அவர் கதையைக் கொண்டு 'ஹென்னா' (1991) வெளிவந்தது. ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு எல்லைக்கு அப்பால் ஒதுங்கும் இந்தியர் ஒருவரை அங்குள்ள எளிய மக்கள் காப்பாற்றும் கதை அது. எல்லை பற்றி ஆயிரம் தலையங்கம் எழுதியவர் சொல்ல விரும்பிய கடைசிச் செய்தி இதுவே போலும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு வருவோம். நாளிதழ் எழுத்து இலக்கியத்தைக் கெடுக்கும் என்பதற்கு அப்பாஸின் வாழ்வு சான்று தரவில்லை. தெருவைப் பார்க்கும் கண்ணை அதுவே அவருக்குக் கொடுத்தது. திரைப்படத்தில் உண்மை பேச இயலுமா என்றால், இயலும். ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் வாழ்வு சொல்கிறது. பதக்கத்தை அடகு வைத்த பட்டதாரியைப் படைத்தவர் தம் பதக்கத்தை அடகு வைக்கவில்லை.

பிள்ளை உருப்படுவானா என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் பணிவுடன் கூற விரும்புவது இது: பிள்ளை எத்துறைக்குச் செல்கிறான் என்பதோடு, அங்கு எதைக் கொண்டு செல்கிறான் என்பதையும் கேளுங்கள். ஹாலியின் வீட்டிலிருந்து அப்பாஸ் கொண்டு சென்றதைப் போல, நம் பிள்ளைகளும் நம் வீடுகளிலிருந்து எதையேனும் எடுத்துச் செல்ல வேண்டுமே. அதனைக் கொடுக்கும் கடமை பெற்றோராகிய உங்களுக்கும் ஆசிரியராகிய நமக்கும் உண்டு.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்றே உள்ளது. இரண்டாயிரம் பேர் கூடிய அரங்கில் வெளியாகும் படத்துக்கு எழுதிய இரவிலும், மறுநாள் அச்சேற வேண்டிய கடைசிப் பக்கத்தை அப்பாஸ் மறக்கவில்லை. எழுத வேண்டும் என்னும் ஆசை உங்களுக்கு இருக்குமாயின், முதலில் உங்கள் ஊரின் தெருவைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். துறையில் அதனைப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.